பூஜ்ஜியம் நம்பர் பில்லை

நான் பேசினால் நீளமாகத்தான் பேசுவேன், நடுவில் யாராவது நிறுத்தச் சொன்னால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு மூச்சு செலவாகும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தவள் நான். என் வீட்டுக்காரர் தார்சிஸ், வில்மட்பேட்டை தங்கச் சுரங்கத்தில் எட்டாயிரம் அடிக்குக் கீழே பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்த மனுஷன், கல்தூசி நெஞ்சில் படிந்து முப்பத்தெட்டு வயதில் வேலையை விட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, "பிலோமி" என்று கூப்பிட்டு ஒரு மூச்சு வாங்கி, "தண்ணி" என்று சொல்லி இன்னொரு மூச்சு வாங்கி, "குடு" என்று முடிப்பதற்குள் நான் தண்ணீரைக் கொடுத்து சொம்பைத் திருப்பி வாங்கியே இருப்பேன். அதற்கு முன்னால் அவர் எப்பேர்ப்பட்ட வாயாடி என்று எங்கள் லைன் வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சுரங்கத்துக் கூண்டில் இறங்குகிற நேரத்துக்குள் ஒரு முழுக் கதையைச் சொல்லி முடித்து, கீழே போய்ச் சேர்ந்ததும் "மிச்சத்த ஏறும்போது சொல்றேன்" என்பாராம், அந்த மிச்சத்தைக் கேட்பதற்காகவே ஷிப்டு முடிகிறவரை ஆட்கள் ஜாக்கிரதையாக வேலை செய்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் டாக்டர் அவர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறு மாசம் என்றார்.

எனக்கும் அவருக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஒரு சண்டைதான், அது ஞாயிற்றுக்கிழமைச் சண்டை. எங்கள் ஊர் நான்சி டாக்கீஸில் மற்ற நேரமெல்லாம் தமிழ்ப்படம் ஓடும், ஞாயிறு காலை பத்தரைக்கு மட்டும் இங்கிலீஷ் படம், அதுவும் பெரும்பாலும் இங்கிலாந்தில் எடுத்த பேய்ப்படமும் வானத்திலிருந்து வந்து இறங்குகிற ஜந்துக்களின் படமும். மாதா கோயிலில் பூசையும் அதே பத்தரைக்குத்தான், ஆகையால் நான் முக்காடு போட்டுக்கொண்டு கிழக்கே போவேன், அவர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு மேற்கே போவார். வெள்ளைக்காரப் பிசாசைப் பார்க்கப் பூசையை விடுகிறாரே, இந்த ஆளுக்கு எங்கே மோட்சம் கிடைக்கும் என்று நான் அழாத ஞாயிறு கிடையாது.

அவர் ஒருத்தர்தான் இப்படி என்றால் பரவாயில்லை, சுரங்கத்து ஆண்கள் பாதிப்பேருக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர். ஏன் என்று கேட்டால் அவர் சொல்வார், அந்தப் படத்தில் யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் கையில் விளக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கித் தரைக்குக் கீழே போகிறான், கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமலே போகிறான், போகாதே என்று எல்லாரும் சொல்லியும் போகிறான், அதைத்தானே நாங்கள் தினம் மூன்று ஷிப்டு செய்கிறோம், எங்களைப் பற்றி எவன் படம் எடுத்தான், அந்த வெள்ளைக்காரன்தான் எடுத்தான் என்பார். அப்புறம் அந்த மரியாதை. வீட்டுக்கூடத்தில் ஒரு பிணம் கிடக்கும், ஜன்னலுக்கு வெளியே நட்சத்திர மண்டலத்து ஜந்து நிற்கும், ஆனாலும் உள்ளே இருக்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் நாற்காலி காட்டி, டீ ஊற்றி, டீயை வாங்கினவர் தாங்க்ஸ் சொல்லி, ஒரு வாய் குடித்த பிறகுதான் அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு டீ. "செத்தா அவங்க ஊர்ல சாவணும்டி, ஒரு பதட்டம் கெடையாது" என்பார்.

அந்த வருஷம் ஜனவரியில், மெட்ராஸிலிருந்து ஒரு தகரப்பெட்டியில் ஒரு படம் வந்தது, பெட்டியில் ஒட்டியிருந்த காகிதம் கிழிந்துபோனதால் அதற்குப் பெயர் என்ன என்று கடைசிவரைக்கும் யாருக்கும் தெரியாது. கதை சாதாரணக் கதைதான், லண்டனில் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் வானத்திலிருந்து ஒரு கல் விழுகிறது, அதற்குள்ளிருந்து ஏழடிக்கு ஒரு நெட்டையன் வருகிறான், அவன் தொட்டவர்கள் செத்துப்போகிறார்கள், மீசை வைத்த ஒரு புரொபசர் மட்டும் அவனோடு மரியாதையாகப் பேசிப் பார்க்கிறார்; ஆனால் ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் தெரு, வண்டி, கல்லறை, விளக்குக்கம்பம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு அப்படி ஒரு மூடுபனி. தார்சிஸால் அப்போது தனியாக நடக்க முடியாது, செத்துப்போவதற்குள் இன்னும் ஒரே ஒரு படம் என்று விரலைக் காட்டிக் கேட்டார், அதனால் நான் முதல்முறையாகப் பூசையை விட்டுவிட்டு, என்னை மன்னியும் ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டே, அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் நான்சி டாக்கீஸில் உட்கார்ந்தேன்.

படம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம், திரையின் அடிப்பக்கத்திலிருந்து பனி இறங்கியது. முதலில் தரை டிக்கெட்டுக்காரர்களின் கால் நனைந்தது, பிறகு பெஞ்சுக்காரர்களின் மடிக்கு வந்தது, அப்புறம் நெட்டையன் முதல் ஆளைத் தொடுகிற நேரத்தில் எனக்குப் பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாத அளவுக்குக் கொட்டகை முழுக்க நிறைந்துவிட்டது. கரியும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை, மூக்குக்குள் போனால் சில்லென்று ஒரு சுகம். ஆபரேட்டர் மொய்தீன் பாய் மேலேயிருந்து, "யாரும் பீடி புடிக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது!" என்று கத்தினார். அப்போது என் பக்கத்தில் ஒரு குரல், "பாய் பாவம், மேல உக்காந்துக்கினு ஒண்ணும் தெரியாம கத்துறாரு, இது பீடி இல்ல, பனி, லண்டன் பனி, அங்கேருந்து கெளம்பி நம்ம ஊருக்கு வந்துக்கீது" என்றது. முழுசாக, ஒரே மூச்சில். அது யார் என்று திரும்பிப் பார்த்தேன், பனியில் முகம் தெரியவில்லை, ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியாதா.

அன்று மதியம் கொட்டகையை விட்டு வெளியே வந்த அத்தனை கல்தூசிக்காரர்களும் வெயிலில் நின்று பேசினார்கள், பேசிக்கொண்டே நின்றார்கள், வீட்டில் சோறு ஆறிப்போனதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அந்த மூச்சு வியாழக்கிழமை வரைக்கும் தாங்கியது, வெள்ளிக்கிழமை கொஞ்சம் இழுத்தது, சனிக்கிழமை பழையபடி ஆனது, ஞாயிறு பத்தரைக்கு மறுபடியும் எல்லாரும் கொட்டகை வாசலில் நின்றார்கள். இது எப்படி, இது ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் ரொம்பக் கேட்கவில்லை. பூமிக்குக் கீழே எட்டாயிரம் அடியில் கல்லுக்குள் தங்கம் இருக்கிறது என்றால் நம்புகிறவர்கள், திரைத்துணிக்குள் பனி இருக்கிறது என்றால் நம்ப மாட்டார்களா.

கேள்வியெல்லாம் அதை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்பதில்தான் வந்தது. பங்குச்சாமியார் இரண்டு வாரம் பிசாசின் மூச்சு என்று பிரசங்கம் வைத்தார், மூன்றாவது வாரம் கோயிலில் தூணும் மெழுகுவத்தியும் தவிர வேறு யாருமில்லாததால் பூசையை எட்டு மணிக்கு மாற்றினார், நான்காவது வாரம் அவருக்கே ஆஸ்துமா இருந்ததால் அங்கியைக் கழற்றிவிட்டு மப்ளர் கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கொட்டகைக்குப் பக்கத்து வீடுகளில் மாவு புளிக்கவில்லை என்றும் மிளகாய் காயவில்லை என்றும் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள், கக்குவான் இருமல்காரப் பிள்ளைகளுக்கு இருமல் நின்ற பிறகு அவர்களே மிளகாயை எடுத்துக்கொண்டு போய் அடுத்த தெருவில் காயப்போட்டார்கள். சிலர் பாட்டிலில் பிடித்துப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்தால் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர்தான் இருந்தது. டிக்கெட் முறை தலைகீழாக மாறியது, பனி முதலில் வருகிற முன்வரிசைத் தரை நோயாளிகளுக்கு, நல்ல நெஞ்சு உள்ளவர்கள் பால்கனிக்குப் போய்விட வேண்டும், போய் அளவாக மூச்சு விட வேண்டும்.

பெரிய தொந்தரவு என்னவென்றால், பனிக்குள் ஆட்கள் காணாமல் போனார்கள். மனைவி என்று நினைத்து மைத்துனியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போனவன் உண்டு, பெஞ்சுக்கு அடியில் தூங்கிப்போய் மறுநாள் வரை பூட்டிய கொட்டகைக்குள் கிடந்தவர் ஒருத்தர் உண்டு. அதைக் கேள்விப்பட்டதும் வரதப்பன் எழுந்து வந்தார். சுரங்கத்தில் ஆள் வரவு எழுதுகிற டைம் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் சங்கு ஊதுகிற நேரத்தில் வாசலில் வந்து நிற்பவர். சுரங்கத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளைப் பில்லை உண்டு, இறங்கும்போது அதைப் பலகையில் உள்ள ஆணியில் மாட்டுவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஆணியில் பில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம், ஒரே ஒரு பில்லை தொங்கினாலும் கூண்டை இழுக்கிற மிஷினை நிறுத்தக்கூடாது, சாமியே வந்து சொன்னாலும் கூடாது. வரதப்பன் மூடிப்போன பழைய குழியிலிருந்து பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்து நான்சி டாக்கீஸ் கதவுக்குப் பக்கத்தில் அடித்தார், தகரக் கடையில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் புதுப் பில்லை அடித்து வாங்கினார், மொய்தீன் பாயிடம், "பலகை காலியாவாம மிஷின் நிக்கக்கூடாது, புரிதா?" என்று சட்டம் போட்டார். தார்சிஸுக்கு அவருடைய பழைய 417, எனக்கு 902.

வரதப்பன் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று ஊருக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு புது ஆள் அவசரத்தில் பில்லை மாட்டாமல் இறங்கிவிட்டான், அன்றைக்குப் பாறை சரிந்தது, மற்றவர்கள் ஏறி வந்துவிட்டார்கள், பலகை காலியாக இருந்தது, காலியாக இருந்ததால் யாரும் தேடவில்லை. மூன்றாம் நாள் அவன் அம்மா வந்து கேட்டபோதுதான் அப்படி ஒருத்தன் உள்ளே இருப்பதே தெரிந்தது. அன்றிலிருந்து வரதப்பன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பதினோரு மாசத்தைப் போல ஒரு காலம் எனக்கு வாய்த்ததில்லை, இனி வாய்க்கவும் போவதில்லை. டாக்டர் சொன்ன ஆறு மாசம் ஜூலையில் முடிந்தது, அன்றைக்கு தார்சிஸ் டாக்டர் வீட்டு வாசலுக்கே போய் நின்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தார். எங்கள் சண்டைகூடத் திரும்பி வந்துவிட்டது, ஒரு குற்றச்சாட்டை அவர் முழுசாகச் சொல்லி நான் முழுசாகப் பதில் சொல்ல எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா. ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்து வருகிறவர்கள் படத்தில் தொப்பியைத் தொடுகிற துரைமார்களைப் போல ஒருத்தருக்கொருத்தர் தொப்பியில்லாத தலையைத் தொட்டு மரியாதை செய்துகொண்டார்கள், டீக்கடையில் டீயை வாங்கி தாங்க்ஸ் என்றார்கள், டீக்கடைக்காரர் முதலில் கிண்டல் என்று நினைத்து முறைத்தார், பிறகு அவரும் சொல்ல ஆரம்பித்தார். எங்களுக்குள் நன்றி சொல்கிற பழக்கம் கிடையாது, சொன்னால் உறவு விட்டுப்போகும் என்போம். அந்த வருஷம்தான் சொல்லிப் பழகினோம். கண்காணாத தேசத்தில் முகம் தெரியாத யாரோ பத்துப் பேர் சேர்ந்து, யாரையோ பயமுறுத்த என்று போட்ட பனியில் எங்கள் ஆண்கள் பிழைத்துக் கிடக்கிறார்கள் என்றால், சொல்லாமல் எப்படி இருப்பது.

ஆனால் எடுக்க எடுக்கக் குறையாதது எதுவும் இல்லை. அக்டோபரில் மொய்தீன் பாய் தார்சிஸைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்றாவது ரீலில் குதிரையின் வயிறு வரைக்கும் இருந்த பனி இப்போது முட்டிக்குக் கீழே இறங்கிவிட்டது என்றார். நாங்கள் மூச்சிழுத்துக் குடித்த பனி படத்துக்குத் திரும்பவில்லை. வாராவாரம் பனி இறங்க இறங்க, அதுவரை மறைந்திருந்ததெல்லாம் திரையில் தெரிய ஆரம்பித்தது. லண்டன் மாளிகை அட்டையில் வரைந்தது, தேம்ஸ் ஆறு நம் வீட்டுத் தண்ணித்தொட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, நெட்டையன் காலில் மரக்கட்டை கட்டிக்கொண்டு விழுந்துவிடாமல் ஜாக்கிரதையாக நடக்கிறான், அவன் கழுத்துக்குப் பின்னால் கொக்கி இருக்கிறது. வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, அட்டை என்று தெரிந்த பிறகுதான் தார்சிஸுக்கு அந்தப் படத்தின்மேல் இன்னும் பிரியம் வந்தது. "நாலு அட்டைய வெச்சிக்கினு, நாலு கட்டைய வெச்சிக்கினு, இன்னா ஒழைப்புடி! ஒருத்தன் மூஞ்சிலயாவது இது அட்டைதானேன்ற நெனப்பு கீதா பாரு, அந்தப் பொண்ணு நெஜமா பயப்படறா, அந்த மீசைக்காரரு நெஜமா வருத்தப்படறாரு" என்பார்.

நவம்பர் கடைசி ஞாயிறு, பனி கணுக்கால் அளவுக்கு வந்தபோது, கல்லறைக் காட்சியில் ஒரு கல்லுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்த ஆளை எல்லாரும் பார்த்தோம். சட்டைக் கையை மடித்துவிட்டு, தோளில் வார் போட்ட கால்சட்டையோடு, காதில் ஒரு சிகரெட்டைச் செருகிக்கொண்டு, முன்னால் ஒரு வாளியை வைத்து அதிலிருந்து வருகிற புகையைத் துருத்தியால் ஊதி ஊதித் தரையில் பரப்பிக்கொண்டிருந்தான் ஒரு ஒல்லி மனுஷன். பனி போடுகிறவன். இத்தனை மாசமாக எங்களுக்கு மூச்சு கொடுத்தவன் இவன்தான் என்று புரிந்து, முன்வரிசையில் இருந்தவர்கள் தலையைத் தொட்டார்கள். அப்போது அவன் துருத்தியை நிறுத்திவிட்டு இருமினான். சத்தம் வரவில்லை, படத்தில் சங்கீதம்தான் ஓடியது, ஆனால் வலது கையை விலாவுக்கு அடியில் கொடுத்து, தலையை முன்னால் தள்ளி, மூன்று தவணையில் இருமி, கடைசியில் வாயை மூடிக்கொண்டு எதையோ விழுங்கினான். அந்த இருமலுக்குச் சத்தம் தேவையில்லை, எங்கள் வீடு ஒவ்வொன்றிலும் அது இருந்தது.

"நம்ம ஆளு" என்றார் தார்சிஸ்.

வரதப்பன் பால்கனியிலிருந்து இறங்கி வந்து திரைக்குப் பக்கத்தில் நின்று அவனை உற்றுப் பார்த்தார். "இவன் எப்போ உள்ள போனான்? இவனுக்குப் பில்லை யாரு குடுத்தது?" என்று கேட்டார். "பில்லை இல்லாம ஒருத்தன் இத்தினி வருசமா உள்ள கீறான், ஒருத்தன் தேடல" என்றார். மறுநாள் தகரக் கடைக்குப் போய் நல்ல பித்தளையில் ஒரு பில்லை அடித்து, நம் வரிசையில் இல்லாத ஆள் என்பதால் பூஜ்ஜியம் என்று நம்பர் போட்டு, டிசம்பர் முதல் ஞாயிறு அன்று படம் தொடங்குவதற்கு முன்னால் தன் கையாலேயே பலகையின் மேல் ஆணியில் மாட்டினார்.

அதில் என்ன வம்பு இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்குப் படம் முடிந்தது. அவரவர் பில்லையை அவரவர் எடுத்தார்கள், பலகையில் பூஜ்ஜியம் மட்டும் தொங்கியது. மொய்தீன் பாய் மேலேயிருந்து, "பலகை காலியா?" என்று கேட்டார், அது அவர் வாராவாரம் கேட்கிற கேள்வி. வரதப்பன் பலகையைப் பார்த்தார், பிறகு மெதுவாக, "இல்ல பாய்" என்றார், "ஒரு ஆள் உள்ள கீறான்."

பாய் மறுபடியும் முதல் ரீலை மாட்டினார். எடுத்த பில்லையை எல்லாரும் திரும்ப மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள், ஒரு ஆளை உள்ளே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. இரண்டாவது தடவை படம் ஓடி முடிந்தபோது மணி ஒன்றரை, பனி கணுக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கிவிட்டது, பில்லை அப்படியே தொங்கியது. மூன்றாவது தடவை தொடங்கியபோது, மேட்னி தமிழ்ப்படத்துக்கு வந்த கூட்டம் வெளியிலிருந்து கதவைத் தட்டியது, கொட்டகை முதலாளி ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டார், யாரும் அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பனி செலவாகிறது என்று எனக்குத் தெரிந்தது, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டால் இன்னும் நாலு ஞாயிற்றுக்கு வரக்கூடிய பனி, கிறிஸ்துமஸையும் தாண்டி வரக்கூடிய பனி, என் கண் முன்னால் ஒரே மத்தியானத்தில் தீர்ந்துகொண்டிருந்தது. நான் எழுந்து போனேன். பலகைக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினேன், விரல் பித்தளையில் பட்டது.

"இன்னா பண்ற?" தார்சிஸ் எனக்கும் பலகைக்கும் நடுவில் வந்து நின்றார்.

"எடுக்கறேன். அது படம்யா, வெறும் நெழலு. நெழலுக்கு இன்னாத்துக்குப் பில்லை?"

"அந்த நெழலு போட்ட பனியிலதான்டி பதினோரு மாசமா உன்னோட சண்ட போட்டுக்கினு கீறேன்."

"அதுக்குத்தான்யா சொல்றேன்! இன்னும் கொஞ்சம் கீது. மிஷின நிறுத்தினா அடுத்த வாரத்துக்கு ஆவும், அதுக்கு அடுத்த வாரத்துக்கு ஆவும். அது போய்ட்டா நீ..."

"ஆளு உள்ள கீறப்போ பில்லைய எடுத்தா அதுக்கு இன்னா பேருன்னு, இந்த ஊர்ல பொறந்தவ உனுக்கு நான் சொல்லணுமா பிலோமி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அந்த மீசைக்காரப் புரொபசர் நெட்டையனிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன், நாற்பது கல்தூசிக்காரர்கள், நாற்பது பேருக்கும் நான் நினைத்த கணக்கு தெரியும், ஒருத்தரும் என் பக்கம் பார்க்கவில்லை, எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை இறக்கினேன். அவர் குறுக்கே நிற்காவிட்டால் எடுத்திருப்பேன், சத்தியமாக எடுத்திருப்பேன், இதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன்.

நான்காவது தடவை, கல்லறைக் காட்சியில், திரையில் பனி என்று ஒன்றுமே இல்லை. அட்டை வீடு, மர மேடை, களிமண் கல்லறை, எல்லாம் பளிச்சென்று பகல் வெளிச்சத்தில் இருப்பதுபோல நின்றன. அவன் வாளியைச் சாய்த்துப் பார்த்தான், கவிழ்த்துத் தட்டினான், துருத்தியைக் கீழே வைத்தான். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, எத்தனை வருஷமாகக் குந்தியிருந்தானோ, முதுகை நிமிர்த்தினான், அந்த நெட்டி முறிகிற சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, கல்லின் மேல் கிடந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, காதிலிருந்த சிகரெட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையைத் தொட்டான். தொட்டுவிட்டு, ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிற எல்லா ஆளையும் போல அவசரமில்லாமல் நடந்து, பலகை இருந்த பக்கமாகத் திரையை விட்டு வெளியே போய்விட்டான். திரும்பிப் பார்த்தால் மேல் ஆணி ஆடிக்கொண்டிருந்தது, அதில் பில்லை இல்லை.

"பலகை காலியா?" என்று பாய் கேட்டார்.

"ஏறிட்டான்" என்றார் வரதப்பன், "எல்லாரும் ஏறிட்டாங்க பாய், நிறுத்து." சொல்லிவிட்டு அந்த மனுஷன் பத்து வருஷத்துக்கு அப்புறம் சிரித்தார், சிரித்துக்கொண்டே பலகையில் நெற்றியை வைத்து அழுதார்.

அதற்கப்புறம் பனி இல்லை, பூசையும் பழையபடி பத்தரைக்கே திரும்பியது. பதினோரு மாசம் குடித்தது நெஞ்சில் மிச்சம் இருந்ததோ என்னவோ, தார்சிஸின் வாக்கியங்கள் உடனே நின்றுவிடாமல் வாரத்துக்கு வாரம் குட்டையாகின, கிறிஸ்துமஸுக்கு ஐந்து வார்த்தை, பொங்கலுக்கு மூன்று, பிப்ரவரியில் பழையபடி, "பிலோமி", மூச்சு, "தண்ணி", மூச்சு. நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். ஊரே அவரைப் பெரிய மனுஷன் என்றது, பெரிய மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, எனக்கு வாயாடிதானே வேண்டும்.

பிப்ரவரி கடைசி ஞாயிறு காலையில், தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போய்விட்டுக் குடத்தோடு திரும்பி வந்தேன், கோயில் மணிக்கூண்டில் பத்தரை. எங்கள் வாசல் நிலைக்குப் பக்கத்தில் அவர் தலைவிளக்கை மாட்டி வைக்கிற ஆணி ஒன்று உண்டு, விளக்கைச் சுரங்கத்தில் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அது வெறும் ஆணி. அதில் ஒரு பித்தளைப் பில்லை தொங்கியது. நம்பர் பூஜ்ஜியம். ஆணியில் பில்லை தொங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அதனால் முந்தானையைச் சரி செய்துகொண்டு உள்ளே போனேன். வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குப் பனி, கரி வாசனை, ஈரக் கம்பளி வாசனை, அடுப்பு எங்கே, பெட்டி எங்கே என்று தெரியவில்லை, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தார்சிஸின் முகம் மட்டும் தெரிந்தது.

"பிலோமி, நீ வர்ற வழியில அந்தோணியம்மா வூட்டு முருங்க பூ வுட்டுக்கீதா பாத்தியா, வுட்டிருந்தா ரெண்டு கை கேட்டு வாங்கியா, முட்டைய ஒடச்சி ஊத்திப் பொரிச்சா நல்லா இருக்கும், நான் துன்றனோ இல்லியோ நீ துன்னணும், ஏன்னா எனக்காகப் பூசைய வுட்டுட்டு வந்து, பதினோரு மாசம் பேய்ப்படம் பாத்தவ நீ, அந்த வெள்ளக்காரனுக்குக்கூட நான் தலையத் தொட்டேன், உனுக்கு ஒரு வார்த்த சொல்லல, இப்ப சொல்றேன் கேளு, தாங்க்ஸு" என்றார். நடுவில் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. நான் நின்றுகொண்டே முழுசாகக் கேட்டேன்.

"சரி சரி, போதும், டீ போடறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தடவிக் கண்டுபிடித்தேன், அந்தப் படங்களிலும் அப்போது டீதானே போடுவார்கள். ஏன் என்று யோசிக்காமலே மூன்று டம்ளரில் ஊற்றினேன். ஒன்றை அவர் கையில் கொடுத்தேன், ஒன்றைக் கட்டிலின் கால்மாட்டில் பனிக்குள் நீட்டினேன், யாரோ வாங்கிக்கொண்டார்கள், மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதி டீ குடித்து, நல்லா இருக்கு என்று தலையாட்டி, என் தோளில் சாய்ந்தார் தார்சிஸ், அப்படியே போய்விட்டார், இருமவில்லை, இழுக்கவில்லை.

பூசை முடிந்து வந்த அந்தோணியம்மா வாசலில் நின்று கூப்பிட்டபோதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன், வீட்டில் பனி இல்லை, தரை மட்டும் லேசாக ஈரமாக இருந்தது. நிலையில் வெறும் ஆணி. அடுப்பு மேடையில், பனிக்குள் நீட்டிய அந்த டம்ளர், நம் வீட்டு ஆள் செய்வது போல, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.